சின்னக் கிட்டாருக்கு எந்தக் கம்பி? பயணக் கிட்டாரில் கம்பி மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயணக் கிட்டார் என்று இங்கே சொல்வது உடல் சிறுத்த, தோளில் மாட்டிக்கொண்டு ரயில் ஏறக்கூடிய, உலோகக் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரை. டெய்லர் ஜிஎஸ் மினி, பேபி டெய்லர், லிட்டில் மார்ட்டின், யமஹா ஜேஆர்2 எல்லாம் இந்தக் குடும்பம்தான். நைலான் கம்பிக் கிட்டார் வைத்திருப்பவர்கள் கம்பி வாங்கும் முன் நைலான் பற்றிய கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

பாக்கெட்டில் 12–53 என்று போட்டிருக்கிறது. என்ன கணக்கு அது?

முதல் எண் மிக மெல்லிய கம்பியின் தடிமன், இரண்டாவது எண் மிகத் தடித்த கம்பியின் தடிமன். அளவு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 12 என்றால் 0.012 அங்குலம், ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். இதைத்தான் கேஜ் என்கிறார்கள். கடையில் "பன்னெண்டு செட் குடுங்க" என்றால் போதும், புரிந்துகொள்வார்கள்.

10–47 எக்ஸ்ட்ரா லைட், 11–52 கஸ்டம் லைட், 12–53 லைட், 13–56 மீடியம். கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு எண் மாறும். மார்ட்டினின் லைட் 12–54. பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். எலக்ட்ரிக் கிட்டார் செட்களிலும் இதே "லைட்" என்ற சொல் வரும், ஆனால் அங்கே அதன் அளவே வேறு.

12-க்கும் 13-க்கும் வித்தியாசம் 0.025 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன்கூடத் தேறாது. ஆனால் இழுவிசை தடிமனின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால், அந்த ஒரு கம்பியில் இழுப்பு 17 சதவீதம் கூடிவிடும். விரலுக்கு அது நன்றாகவே தெரியும்.

சின்னக் கிட்டார்தானே, மெல்லிய கம்பி போட்டால் போதாதா?

போதாது. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். நானும் சறுக்கினேன். 23.5 அங்குல ஸ்கேல் கிட்டார் ஒன்றை வாங்கிய புதிதில், கடைக்காரர் "சின்ன பாடி சார், பத்து செட் போட்டாத்தான் தாங்கும்" என்றார். போட்டேன். வீட்டுக்கு வந்து ஈ மேஜர் பிடித்து ஒரு தட்டுத் தட்டியதும் மிகத் தடித்த ஆறாவது கம்பி துணி உலர்த்தும் கொடிபோல ஆடியது. கார்டை அழுத்திப் பிடித்தால் சுருதி ஏறியது, மெதுவாகப் பிடித்தால் கரகரத்தது. கிட்டார்தான் மட்டம் என்று மூன்று மாதம் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நட்டுக்கும் (நெக்கின் மேல்முனையில் கம்பியைத் தாங்கும் துண்டு) சேடிலுக்கும் (உடல்மேல் ஒட்டிய பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் துண்டு) இடையே கம்பி அதிர்கிற நீளம்தான் ஸ்கேல். முழு அளவுக் கிட்டார்கள் பலவற்றில் இது 25.5 அங்குலம். ஜிஎஸ் மினியில் 23.5, லிட்டில் மார்ட்டினில் 23, பேபி டெய்லரில் 22¾. 1994-இல் கொலம்பியா விண்கலத்தில் ஏறி விண்வெளிக்கே போய்வந்த மார்ட்டின் பேக்பேக்கரில் 24. ஒரே கம்பியை ஒரே சுருதிக்குக் கூட்டும்போது, நீளம் குறையக் குறைய அதன் இழுவிசையும் குறையும், அதுவும் வர்க்கக் கணக்கில். 25.5-லிருந்து 23.5-க்கு இறங்கினால் இழுப்பில் 15 சதவீதம் போய்விடும். 22¾-க்கு இறங்கினால் 20 சதவீதம்.

கணக்குப் பிடிக்காதவர்கள் கேப்போவை (ஆறு கம்பிகளையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) வைத்துப் புரிந்துகொள்ளலாம். முழு அளவுக் கிட்டாரின் இரண்டாவது ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கேப்போ மாட்டினால் மிச்சமிருக்கும் நீளம் சுமார் 22.7 அங்குலம், அதாவது ஒரு பேபி டெய்லர். ஆனால் சுருதி ஒரு முழு ஸ்வரம் மேலே போயிருக்கும். அதைப் பழைய ஈ சுருதிக்கே இறக்க வேண்டுமென்றால் சுருதி கூட்டும் கீகளைத் தளர்த்த வேண்டும் அல்லவா? அந்தத் தொளதொளப்புதான் சின்னக் கிட்டாரின் பிறவிக் குணம். ஏற்கெனவே தளர்ந்திருக்கிற இடத்தில் மெல்லிய கம்பியையும் போட்டால் இரட்டைத் தளர்ச்சி. கிட்டார் சிறுத்தால் கம்பி தடிக்க வேண்டும்.

அப்படியானால் என் கிட்டாருக்கு எந்த எண்?

எளிய கணக்கு இது. முழு அளவுக் கிட்டாரில் உங்களுக்குப் பழகிய முதல் கம்பியின் எண்ணை 25.5-ஆல் பெருக்கி, உங்கள் கிட்டாரின் ஸ்கேலால் வகுங்கள். 12 பழக்கம் என்றால், 23.5 அங்குலக் கிட்டாருக்கு 12 × 25.5 ÷ 23.5 = 13. ஜிஎஸ் மினி 2010-இல் வந்தபோதே 13–56 மீடியம் செட்டோடு வந்தது. அதை வடிவமைத்தவர்களும் இதே கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும். "இவ்வளவு சின்னதுக்கு மீடியமா?" என்று கழற்றி எறிந்துவிட்டு 10 போட்டவர்கள் எத்தனையோ பேர். முன்வரிசையில் நான்.

ஆனால் கணக்கு ஒன்று சொல்லி, செய்தவர்கள் வேறு சொன்னால், செய்தவர்கள் பேச்சைத்தான் கேட்க வேண்டும். பேபி டெய்லருக்குக் கணக்குப்படி சுமார் 13.5 வரும். டெய்லர் சொல்வதோ 12–53 லைட். உள்ளே இருக்கும் மரச்சட்டங்கள் எவ்வளவு தாங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அதனால் 12 போடுங்கள், அதற்குக் கீழே இறங்காதீர்கள். யமஹா ஜேஆர்2-இன் ஸ்கேல் 540 மில்லிமீட்டர். கணக்கு 14-ஐத் தாண்டும். அதற்காக 14 செட் தேடி அலைய வேண்டியதில்லை, 12 போட்டாலே சத்தம் திரண்டு வரும்.

ஸ்கேல் தெரியவில்லையா? நட்டின் உள்விளிம்பிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள்.

தடித்த கம்பி போட்டால் விரல் புண்ணாகாதா?

23.5 அங்குலக் கிட்டாரில் 13 போட்டால் இழுப்பு முழு அளவுக் கிட்டாரில் 12 போட்டதற்குச் சமம். அதை வாசித்துப் பழகியவருக்கு இது புது வலி இல்லை. இப்போதுதான் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு 11 போட்டுக் கொடுங்கள், ஆறு மாதம் கழித்து ஏற்றிக்கொள்ளலாம். விரல் வலிக்குப் பாதிக்குமேல் காரணம் கேஜ் அல்ல, கம்பி ஃப்ரெட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்கிற ஆக்ஷன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பிக்குக் கீழே 3 மில்லிமீட்டருக்குமேல் இடைவெளி இருந்தால், கம்பியைக் குறை சொல்லாமல் சேடிலைத் தேய்க்கக் கொடுங்கள்.

நெக் வளையுமா, பிரிட்ஜ் பிடுங்கிக்கொள்ளுமா?

ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் மொத்தப் பளுவைப் பாருங்கள். 25.5 அங்குலத்தில் 12–53 செட் சுமார் 74 கிலோ, 13–56 செட் சுமார் 85 கிலோ, 10–47 செட் சுமார் 61 கிலோ. அதே 13 செட்டை 23.5 அங்குலத்தில் போட்டால் சுமார் 72 கிலோவுக்கு வந்துவிடுகிறது. நான் போட்ட பத்து செட் 52 கிலோ. நெக் வளையும் என்ற பயமெல்லாம் அங்கே எதிர்த்திசையில் இருக்க வேண்டியது. இழுப்புப் போதாமல் நெக் பின்னால் சாய்ந்து, கம்பி ஃப்ரெட்டில் உட்கார்ந்துகொண்டது. கரகரப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

கேஜ் மாற்றிய பின் ஒரு நாள் விட்டு நெக்கைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் ஆறாவது கம்பியை ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால், நடுவில் ஆறாவது ஏழாவது ஃப்ரெட் அருகே மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். 0.2 மில்லிமீட்டர் போல, விசிட்டிங் கார்டைவிடக் கொஞ்சம் குறைவு. இடைவெளியே இல்லை என்றாலோ, கார்டு தாராளமாக நுழைந்தாலோ ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் தண்டு) திருப்ப வேண்டியிருக்கும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்குமேல் திருப்பாதீர்கள். கை நடுங்கினால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

என்னுடையது நைலான் கம்பிக் கிட்டார். உலோகக் கம்பி போட்டால் சத்தம் கூடுமே?

சத்தம் கூடும், பிரிட்ஜும் பெயர்ந்து வரும். நைலான் செட்டின் மொத்த இழுப்பு 40 கிலோவுக்கு உள்ளே. உலோகச் செட் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரிட்ஜில் கம்பியைப் பிடித்துவைக்கும் பின்கள் இல்லாமல் கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால் அது நைலானுக்கானது. யுகுலேலே அளவே உள்ள ஆறு கம்பிக் கிட்டாரான கிட்டலேலேவும் நைலான்தான்.

பாஸ்பர் பிரான்ஸ், 80/20, கோட்டட்: எது நல்லது?

80/20 என்பது 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். பாத்திரக்கடைக்காரரைக் கேட்டால் இது பித்தளை என்பார், அவர் சொல்வதுதான் சரி. வெண்கலம் என்ற பெயர் கிட்டார்க்காரர்கள் வைத்துக்கொண்டது. புதிதில் பளீரென்று ஒலிக்கும், சீக்கிரம் மங்கும். பாஸ்பர் பிரான்ஸில் செம்போடு வெள்ளீயமும் துளி பாஸ்பரஸும் சேரும். ஒலி கொஞ்சம் கதகதப்பு, ஆயுள் கொஞ்சம் கூடுதல். இதை 1974-இல் கிட்டாருக்குக் கொண்டுவந்தது டி'அடாரியோ. சின்ன உடலில் அடிச்சுருதி ஏற்கெனவே மெலிந்திருக்கும் என்பதால் என் ஓட்டு பாஸ்பர் பிரான்ஸுக்கு.

கோட்டட் கம்பியில் மெல்லிய பாலிமர் படலம் பூசியிருக்கும். இதில் பேர்பெற்ற எலிக்ஸர், கோர்-டெக்ஸ் மழைத்துணி செய்யும் கோர் நிறுவனத்தின் தயாரிப்பு. விலை இரண்டு மடங்குக்குமேல். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று உப்புக்காற்றில் இருப்பவர்களுக்கும் கை வியர்ப்பவர்களுக்கும் அந்தக் காசு திரும்ப வந்துவிடும். கோவையில் இருந்துகொண்டு வாரம் ஒருமுறை தொடுபவருக்கு அவசியமில்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

நாளை எண்ணாதீர்கள், கம்பியைத் தடவிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் சொரசொரப்பு, ஃப்ரெட் பட்ட இடங்களில் பள்ளம், செம்பு நிறம் கறுத்துப்போவது, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி ஒட்டாமல் நழுவுவது, இதில் ஏதாவது இரண்டு தெரிந்தால் மாற்றிவிடலாம். தினம் ஒரு மணி நேரம் வாசித்தால் சாதாரணக் கம்பி இரண்டு மூன்று மாதம் வரும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துண்டால் துடைத்து வைத்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றலாமா?

கழற்றலாம். ஒரு மணி நேரம் கம்பி இல்லாமல் இருந்தால் நெக்குக்கு ஒன்றும் ஆகாது. ஃப்ரெட்போர்டைத் துடைக்க அதுதான் வசதி. சேடில் ஒட்டாமல் சும்மா செருகியிருந்தால் விழுந்துவிடும், எந்தப் பக்கம் உயரம் என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழகாதவர்கள் ஒவ்வொன்றாக மாற்றினால் பக்கத்துக் கம்பியைப் பார்த்தே சுற்றலாம்.

பிரிட்ஜ் பின் வரவே மாட்டேன் என்கிறதே?

கட்டிங் பிளையரால் மட்டும் கடிக்காதீர்கள், பிளாஸ்டிக் தலை நசுங்கிவிடும். கம்பியை முழுவதும் தளர்த்தி, அதைப் பின் ஓட்டைக்குள்ளேயே ஒரு சென்டிமீட்டர் அழுத்துங்கள். உள்ளே சிக்கியிருக்கும், கம்பி முனையில் உள்ள குண்டு விலகும், பின் தானே இளகும். அதற்கும் மசியாவிட்டால் சவுண்ட்ஹோல் வழியாகக் கைவிட்டு அடியிலிருந்து தள்ளச் சொல்வார்கள். பயணக் கிட்டாரின் ஓட்டைக்குள் வளர்ந்த ஆளின் கை போகாது. எங்கள் வீட்டில் அந்த வேலை ஒன்பது வயதுப் பெண்ணுக்கு, கூலி ஒரு ஐஸ்கிரீம். பிள்ளைகள் இல்லாத வீட்டில் நீண்ட கரண்டிக் காம்பு உதவும்.

கம்பி மாற்றும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்களேன்.

கம்பி முறுக்கும் வைண்டர், வயர் கட்டர், ட்யூனர் இருந்தால் போதும். ட்யூனர் போனிலேயே கிடைக்கிறது.

முதலில் பழைய கம்பியைத் தளர்த்துங்கள். முறுக்கோடு இருக்கும்போது வெட்டினால் முனை முகத்தில் அடிக்கும், கண்ணுக்கு ஆபத்து. துவண்ட பிறகு பின்னைப் பிடுங்கிக் கம்பியை எடுங்கள். பின்களை எடுத்த வரிசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் தன் ஓட்டைக்குப் பழகியிருக்கும்.

புதுக் கம்பியின் குண்டுப் பக்கத்தை ஒரு சென்டிமீட்டர் லேசாக வளைத்து ஓட்டைக்குள் இறக்குங்கள். டி'அடாரியோ செட் என்றால் குண்டின் நிறம் எது எந்தக் கம்பி என்று சொல்லிவிடும்: வெள்ளி முதல் கம்பி, ஊதா இரண்டு, பச்சை மூன்று, கறுப்பு நான்கு, சிவப்பு ஐந்து, பித்தளை ஆறு. பின்னில் ஒரு பள்ளம் ஓடும், அது சவுண்ட்ஹோலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பின்னை மெதுவாக வைத்து, கம்பியை மேலே இழுத்துக்கொண்டே பின்னை அழுத்துங்கள். குண்டு பின்னின் நுனியில் தொங்காமல், ஓரமாக நகர்ந்து பிரிட்ஜின் அடிப்பலகையில் முட்டி நிற்க வேண்டும். இந்த ஒரு படி தவறினால், சுருதி கூட்டும்போது பின் துப்பாக்கிக் குண்டுபோலப் பறக்கும். சந்தேகம் இருந்தால் இன்னொரு தடவை இழுத்துப் பாருங்கள். பின் எழும்பினால் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

அடுத்து கீ. எவ்வளவு கம்பி விட்டுச் சுற்றுவது? அடுத்த கீயின் தண்டு வரை விட்டு வெட்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். சின்ன ஹெட்ஸ்டாக்கில் கீகள் நெருக்கமாக இருப்பதால் அந்த அளவு சில சமயம் குறைந்துவிடும். நேராக 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தண்டின் விட்டம் 6 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு 19 மில்லிமீட்டர் ஆகும், ஆக இரண்டரைச் சுற்று வரும். தடித்த கம்பிகளுக்கு அது சரி. முதல் இரண்டு மெல்லிய கம்பிகளுக்கு 7 சென்டிமீட்டர் விடுங்கள், வழவழப்பு காரணமாக அவை நழுவும். சுற்றுகள் தண்டில் மேலிருந்து கீழாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இறங்க வேண்டும். கம்பி ஹெட்ஸ்டாக்கின் நடுப்பக்கமாகத் தண்டைச் சுற்றட்டும். வீணையில் பிருடை திருகிப் பழகிய கை இருந்தால் இதெல்லாம் சொல்லாமலே வரும்.

கம்பிக்கென்று பயணக் கிட்டார் அளவில் தனி செட் தேட வேண்டாம். சாதாரண செட்தான், நீளம் கொஞ்சம் மிஞ்சும். சுருதி கூடிய பிறகு மிச்சத்தை 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். கூட்டும் முன்பே வெட்டினால் மெல்லிய கம்பி உருவிக்கொள்ளலாம்.

புதுக் கம்பி போட்டேன், சுருதியே நிற்கவில்லை.

நிற்காதுதான். பன்னிரண்டாவது ஃப்ரெட் அருகே ஒவ்வொரு கம்பியையும் இரண்டு விரலால் மெதுவாகத் தூக்கி இழுத்துவிட்டு மறுபடி கூட்டுங்கள். மூன்று நான்கு முறை செய்தால் அடங்கும். சுருதி தாண்டிவிட்டால் கீழே இறக்கி, மறுபடி கீழிருந்து ஏறி வந்து நிறுத்துங்கள்.

கீயைத் திருப்பும்போது நட்டிலிருந்து "டிங்" என்று சத்தம் வந்தால் கம்பி அந்தப் பள்ளத்தில் சிக்குகிறது. 10, 11-லிருந்து 13-க்கு ஏறியவர்களுக்கு இது அதிகம். பென்சிலைக் கூராக்கிப் பள்ளத்தில் தேயுங்கள், கிராஃபைட் தூள் வழுக்கிவிடும். பிறகும் கேட்டால் பள்ளத்தை அகலப்படுத்த அதற்கென்றே அரம் வேண்டும். பிளேடோடு இறங்காதீர்கள், ஒரு நட் போய்விடும்.

சுருதி சரியாக இருக்கிறது, கார்டு பிடித்தால் மட்டும் பிசிறுகிறதே?

குறுகிய ஸ்கேலில் விரலின் சிறு இழுப்புக்கும் சுருதி அதிகம் ஏறும். கேஜ் மாற்றினாலும் அந்தக் குணம் முழுதாகப் போகாது. ஆனால் தடித்த கம்பி விரலுக்குக் கொஞ்சம் எதிர்த்து நிற்கும், தேவைக்கு மேல் அமுக்குவது குறையும். பெரிய கிட்டாரில் அமுக்குவதில் பாதி போதும் என்று கைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஃப்ரெட்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

வேண்டாம். நாள்பட்டால் சிக்குப் பிடித்து நாறும். ரோஸ்வுட், எபோனி பலகைக்கு வருடம் ஒருமுறை, கிட்டாருக்கென்று விற்கும் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். லிட்டில் மார்ட்டின் போன்றவை சிலவற்றில் பலகையே மரமல்ல, அழுத்திச் செய்த செயற்கைப் பொருள். ஈரத்துணியால் துடைத்தால் தீர்ந்தது.

பாடுபவருக்காக அரைக் கட்டை இறக்கி வாசிக்கிறேன். அதற்கு வேறு கம்பியா?

அரை ஸ்வரம் இறக்கினால் இழுப்பில் இன்னும் 11 சதவீதம் கழியும். 23.5 அங்குல ஸ்கேலில் ஏற்கெனவே போன 15-உம் சேர்ந்தால் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். அந்தக் கிட்டாரில் எப்போதும் இறக்கியே வாசிப்பவர் என்றால் 13-க்குக் கீழே யோசிக்க வேண்டாம். ஒரு பாட்டுக்கு ஒரு கட்டை என்று மாறிக்கொண்டே இருப்பவர் இறக்குவதை விட்டுவிட்டு, வேறு கார்டு வடிவத்தில் கேப்போ போட்டு ஏற்றிப் பிடிக்கப் பழகுவது நல்லது.

பயணத்தில் கம்பியைத் தளர்த்தி வைக்க வேண்டுமா?

ரயிலில், பஸ்ஸில் கூடவே வைத்திருந்தால் தேவையில்லை. விமானத்தில் லக்கேஜாகப் போடுகிறீர்கள் என்றால் ஒரு ஸ்வரம், ஒன்றரை ஸ்வரம் இறக்கிவிடுங்கள். யாராவது தூக்கிப் போட்டால் ஹெட்ஸ்டாக் உடையும் வாய்ப்புக் குறையும். முழுதாகத் தளர்த்தாதீர்கள், பின்கள் கழன்று பைக்குள் உருளும். வயர் கட்டரைக் கைப்பையில் வைக்க வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். எல்லாவற்றையும்விட மோசமானது வெயிலில் நிறுத்திய கார். சித்திரை மதியத்தில் மூடிய டிக்கியில் ஒரு மணி நேரம் இருந்தால் பிரிட்ஜின் பசை இளக ஆரம்பிக்கும். எந்தக் கேஜ் போட்டும் அதைக் காப்பாற்ற முடியாது.

பையில் என்னென்ன கம்பி வைத்துக்கொள்வது?

ஒரு முழு செட், அதோடு முதல் கம்பி கூடுதலாக ஒன்று. முதல் கம்பிக்கு அடுத்து அறுவது பெரும்பாலும் மூன்றாவது: மேலே சுற்று இருந்தாலும் உள்ளே ஓடும் எஃகு மிக மெல்லியது. இரண்டு பிரிட்ஜ் பின்களும் போட்டுக்கொள்ளுங்கள். மலையூரில் ராத்திரி எட்டு மணிக்குக் கம்பி கிடைக்காவிட்டால் பரவாயில்லை, முதல் கம்பி இல்லாமலும் வாசிக்கலாம். பின் தொலைந்தால் அது முடியாது. ஒருமுறை பல்குச்சிகளைச் சேர்த்துச் செருகி ஒப்பேற்றினேன், இரண்டாவது பாட்டில் பறந்தது.

கழற்றிய பழைய கம்பியை என்ன செய்வது?

கறுக்காத ஒரு முதல் கம்பியை அவசரத்துக்கு எடுத்து வையுங்கள். மற்றவற்றைச் சுருட்டி, வெட்டிய முனைகள் உள்ளே போகும்படி செய்தித்தாளில் மடித்து டேப் ஒட்டிப் போடுங்கள். அந்த முனை ஊசியைவிட மோசம், குப்பையை வெறுங்கையால் பிரிப்பவர்களின் விரலில் ஏறிவிடும்.